குதிரைக்கு அளவு எடுத்த ஆடி

எங்கள் வீட்டுக் குதிரை மாப்பிள்ளையைக் கீழே தள்ளியது வைகாசியின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். திருவையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். முன்னால் தவில், நாதஸ்வரம். பின்னால் பேண்டு செட். அதற்கும் பின்னால் சரவெடி. நல்ல வேளையாக மாப்பிள்ளை விழுந்தது மாலைக் கூடைகளின் மேல். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஊரே கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் சம்பங்கிக்குள் கிடந்தால் அது அடிபட்டதைவிட மோசம்.

நான் அங்கே இருந்தது தற்செயல். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு நான்தான் தையல். கடைசி நேரத்தில் கொக்கி பிய்ந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஊசியும் நூலுமாக மண்டபத்துப் படியில் ஏறும்போது பின்னால் அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் கடிவாளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தானே விழுந்தவரைப் போல நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடம் குவைத்தில் லாரி ஓட்டினார். திரும்பி வந்தபோது நிலம் குத்தகையில் இருந்தது, மகள் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள், நான் தையல் மெஷினில் இருந்தேன். அவருக்கென்று காலியாக இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். அதில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டினார். சாப்பிட வாங்க என்றால் வருவார், தூங்குங்க என்றால் தூங்குவார். அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. திடீரென்று ஒரு நாள் ஒரு குட்டியானை வண்டியில் இந்தக் குதிரையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப் போகிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நான் போட்ட சண்டையில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு மனிதர் விடிவதற்குள் எழுந்தார். வாய்க்கால் கரையில் புல் அறுத்து வந்தார். குதிரையைக் குளிப்பாட்டும்போது ஏதேதோ பேசிச் சிரித்தார். சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்று குறைகூடச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அவரைக் குவைத் விமானம் இறக்கிவிட்டு ஒரு வருடம் கழித்து, இந்தக் குதிரைதான் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

குதிரை என்றால் படத்தில் வருகிற குதிரையை நினைக்கக் கூடாது. மட்டக் குதிரை. பெண். வெள்ளை. கால் குட்டை, வயிறு பெருத்தது, முதுகு அகலமானது. மற்றக் குதிரைகளுக்குக் கழுத்து முடிகிற இடத்தில் ஒரு மேடு இருக்குமே, அது இவளுக்குப் பேருக்குத்தான். அந்த முதுகில் வடகம் பிழிந்து காயவைக்கலாம். கழுத்து முடிகிற அந்த மேட்டில் மட்டும் டீ சிந்தினதுபோல ஒரு பழுப்புத் திட்டு. திட்டுக்குள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வட்டமாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள். விற்ற தரகர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சந்திர சூரியப் புள்ளிண்ணே, ஆயிரத்துல ஒண்ணுக்குத்தான் வாய்க்கும். கல்யாண வீட்டுல ராசியோ ராசி” என்றாராம். இவர் உச்சி குளிர்ந்து வாங்கி வந்துவிட்டார். கூடவே ஒரு சேணம். இவளுக்கென்றே செய்தது என்று அதையும் கட்டிக்கொடுத்துவிட்டார் தரகர்.

மாப்பிள்ளை விழுந்த மறுநாள் அதே தரகரிடமிருந்து போன் வந்தது. செய்தி அவருக்கு நாங்கள் வீடு வந்து சேருமுன்பே போயிருந்தது. ராசிப் புள்ளியைப் பற்றி இப்போது பேச்சில்லை. நெற்றிச் சுழி சரியில்லை, நானே சொல்ல நினைத்தேன் என்றார். ஒரு தடவை ஆளைத் தள்ளிய குதிரை தள்ளிக்கொண்டேதான் இருக்கும், செங்கல் சூளையில் வண்டி இழுக்கக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுங்கள் என்றார். என் கணவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “ஆவணி மொத முகூர்த்தத்துக்கு ஒரு புக்கிங் இருக்குங்க. அது வரைக்கும் பாக்குறேன். அதுலயும் தள்ளிச்சுன்னா வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க” என்றார். ஆனி மாதத்துக் கல்யாணங்கள் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் போய் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சூளைக்குப் போகிற குதிரை எப்படி ஆகும் என்று வெண்ணாற்றங்கரையில் பார்த்திருக்கிறேன். நாற்காலிக்குப் போகிற மனிதர் எப்படி ஆவார் என்று வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அன்று இரண்டு மூன்று பேர் அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் வெடிக்கு மிரண்டது என்றார்கள். வெடிக்கு அவள் காதைக்கூட ஆட்டவில்லை. பேண்டுக்காரர் பித்தளைக் குழலை முகத்துக்கு நேரே ஊதினபோதும் சும்மா நின்றாள். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் ஏதோ சொல்லக் கூப்பிடுகிறான். மாப்பிள்ளை காது கொடுத்து முன்பக்கமாகக் குனிகிறார். குனிந்த அந்த நொடியில்தான் அவள் முதுகை வில்லாக வளைத்து எகிறுகிறாள். முப்பது வருடமாகப் பெண்கள் என் முன்னால் கையைத் தூக்கி, குனிந்து, திரும்பி ஜாக்கெட் போட்டுப் பார்க்கிறார்கள். அக்குள் பிடிக்கிற ஜாக்கெட்டில் சும்மா நிற்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. பாத்திரம் எடுக்கக் கையை நீட்டினால்தான் முகம் சுளிக்கும்.

சேணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் காதைப் பின்னால் மடக்கினாள். முதுகில் வைத்தேனோ இல்லையோ, திரும்பி என் முழங்கையில் ஒரு கடி. நானும் கோபக்காரி, பளார் என்று கழுத்தில் ஒன்று வைத்தேன். அவள் திருப்பிக் கடிக்கவில்லை. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேணத்தை இறக்கிவிட்டு அந்தப் பழுப்புத் திட்டைத் தடவிப் பார்த்தேன். ராசிப் புள்ளி என்று சொன்ன இரண்டு இடமும் உள்ளே கட்டியாக வீங்கிச் சுட்டது. விரல் பட்டதும் தோல் முழுக்க நடுங்கியது. சேணத்தின் முன்பக்கத்தில் உள்ளே ஒரு கட்டைச் சட்டம் வளைந்து இறங்குகிறது. அதன் இரண்டு முனையும் சரியாக அந்தப் புள்ளிகளின் மேல்தான் உட்கார்ந்தன.

அது சந்திரனும் இல்லை, சூரியனும் இல்லை. வருடக்கணக்காக அந்தச் சட்டம் அழுத்தி அழுத்தி, தோல் செத்து, முடி வெள்ளையாக முளைத்த இடம். வெள்ளை உடம்பில் வேறு எங்கே இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கடித்தவளை நான் அறைந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

இவரிடம் காட்டினேன். புள்ளியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். “இதுக்கு நான் காசு சேத்துக் குடுத்தேனே” என்றார். கால்நடை டாக்டர் வந்து பார்த்துக் களிம்பு கொடுத்தார். வீக்கம் வடிகிற வரைக்கும் முதுகில் ஒரு துணிகூடப் போடக் கூடாது என்றார்.

வீக்கம் வடிந்தது. அதன் பிறகு நாங்கள் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அழுத்துகிறது என்றால் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டியதுதானே? பழைய கம்பளி ஒன்றை நான்காக மடித்துச் சேணத்துக்கு அடியில் கொடுத்தோம். அவள் நான்கு எட்டு நடந்து நின்றுவிட்டாள். இறுக்கமான செருப்புக்குள் காலுறை போட்டால் இன்னும் இறுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சின்னக் குழந்தைக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறகு புதுச் சேணம் வாங்க முடிவெடுத்தோம். வடக்கே சேணம் செய்கிற ஊர் ஒன்றுக்கு இவர் குவைத் இந்தியில் போன் போட்டார். என்ன அளவு என்று கேட்டார்கள். இவர் பழைய சேணத்தைத் திருப்பிப் போட்டார், அடியில் பதினேழு என்று அச்சடித்திருந்தது. பதினேழு என்றார். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பழைய சேணத்தை நான்கு பக்கமும் எடுத்து அனுப்பினேன். “இதே மாதிரி, ஆனா புதுசா” என்று இவர் சொன்னார். பக்கத்தில் நின்று நானும் தலையை ஆட்டினேன்.

இங்கேதான் என் வண்டவாளம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரும் உடம்பில் டேப் வைத்து அளவு எடுக்க விட மாட்டார்கள். கூச்சம். ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, “இதுதாங்க அளவு” என்று வைத்துவிட்டுப் போவார்கள். அளவு ஜாக்கெட் என்றே அதற்குப் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் தைத்ததாக இருக்கும். இரண்டு பிள்ளை பெற்று, உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்த பிறகும் அதே ஜாக்கெட்தான் அளவுக்கு வரும். நானும் அதே பிடிப்போடு, அதே சுருக்கத்தோடு, ஒரு நூல் மாறாமல் தைத்துக் கொடுப்பேன். பிறகு, “அக்கா, கை தூக்க முடியலக்கா” என்று வருவார்கள். “நீ குடுத்த அளவுதானேம்மா” என்று கையை விரிப்பேன். முப்பது வருடமாக இப்படித்தான் தப்பித்துக்கொண்டு வருகிறேன்.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம் பார்சல் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகு கொஞ்சியது. சிவப்பு வெல்வெட்டு, ஓரத்தில் ஜரிகை, பித்தளைக் குமிழ். முதுகில் ஏற்றி வயிற்று வாரை இழுத்தோம். அகலமான முதுகில் ஒடுக்கமான சேணம் கீழே இறங்காமல் மேலேயே தொற்றிக்கொண்டு இடமும் வலமும் ஆடியது. ஆடக் கூடாதென்று இவர் வாரை இன்னும் இறுக்கினார். அவள் காதை மடக்கினாள். முன்பக்கத்தைக் கையால் லேசாக அழுத்திப் பார்த்தேன். அதே இடம், அதே துடிப்பு. அப்போதுதான் உறைத்தது. வலிக்கிற ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்து, புதிதாக ஒரு வலியைத் தைத்து வாங்கியிருக்கிறோம். அதுவும் யார்? ஊருக்கே ஜாக்கெட் தைக்கிற நான்.

“கழட்டுங்க. இனிமே சேணத்துக்கு அளவு எடுக்க வேணாம். அவளுக்கு எடுப்போம்” என்றேன்.

ஆடி எனக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். கடைகளில் தள்ளுபடி போட்டிருப்பார்கள், வாங்கின புடவைக்கெல்லாம் ஜாக்கெட் துணி மலையாக வந்து குவியும். குவியட்டும் என்று போட்டுவிட்டு, எலெக்ட்ரீஷியனிடம் சுண்டுவிரல் தடிமன் அலுமினியக் கம்பி ஒரு முழம் வாங்கி வந்தேன். குதிரையை நெல் காயவைக்கிற சிமெண்ட் களத்தில் நான்கு காலும் சமமாக நிற்கவைத்தோம். தோளுக்குச் சற்றுப் பின்னால் கம்பியை முதுகில் குறுக்காக வைத்து, உடம்போடு உடம்பாக அமுக்கி வளைத்தேன். கலையாமல் எடுத்து, புடவைப் பெட்டி அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினேன். பிறகு ஒரு சாண் பின்னால் தள்ளி இன்னொன்று. கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே மூன்றாவது.

களத்து ஓரமாக நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வேலையை மறந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி, “என்னக்கா, குதுரைக்கு ஜாக்கெட்டா?” என்றாள்.

“ஆமாம்டி. லைனிங் வெச்சுத் தைக்கவா, வெக்காம தைக்கவான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா” என்றேன்.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இடது தோள் பெருத்திருந்தது, வலது தோள் சற்றுச் சரிந்திருந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டு தோளும் ஒன்றாக உள்ள ஒரு பெண்ணை நான் இதுவரை தைத்ததில்லை. ஆனால் அடுத்து எடுத்து வைத்த பழைய சேணத்தின் முன்வளைவுக்குள் அந்த அட்டை நுழையவே இல்லை. இரண்டு விரல் அகலம் வெளியே நின்றது. இவர் அட்டையை வாங்கி நான்கைந்து தடவை பொருத்திப் பார்த்தார். “இத்தன நாளு இதுக்குள்ளயா இருந்துருக்கா?” என்றார்.

மறுநாள் மூன்று அட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனோம். ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளி உண்டு. அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண், என் மகள் வயதிருக்கும். விஷயத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடுதான் அட்டையை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “அக்கா, இங்க வர்ற யாருமே இது கொண்டாந்ததில்ல. குதிரை பேரு சொல்லுவாங்க, வெல சொல்லுவாங்க. முதுகு எப்படின்னு சொல்ல மாட்டாங்க” என்றாள். பதினேழு என்பது என்ன என்று இவர் கேட்டார். “அது ஏறி உக்கார்றவங்களுக்குண்ணே. குதிரைக்கு இல்ல” என்றாள். இவர் என்னைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்தார்.

கொட்டகையில் இருபதுக்கு மேல் சேணங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்த்து, அட்டையை உள்ளே கொடுத்துப் பார்த்தோம். பளபளப்பானது எல்லாம் ஒடுக்கம். ஒன்று முன்னால் பொருந்தியது, ஆனால் நீளம்; கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போனது. விலா தாங்குகிற இடத்தோடு சேணம் முடிந்துவிட வேண்டும், அதற்குப் பின்னால் தாங்க எலும்பு இல்லை என்றாள் அந்தப் பெண். இன்னொன்றில் அடிமெத்தைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் குறுகல், முதுகெலும்பு இடிக்கும். பார்க்கப் பார்க்க எனக்குக் கைவந்த வேலையாகத் தெரிந்தது. தோள், முதுகு, நீளம், நடுக்கோடு. எல்லாம் ஜாக்கெட்தான், கொக்கிக்குப் பதில் வார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கறுப்பு, பார்வைக்கு லட்சணம். இன்னொன்று பழுப்பு, குட்டை, பட்டை, ஒரு பக்கத் தோல் மடிப்பில் கிழிசல். இரண்டையும் ஒரு வாரம் எடுத்துப் போய்ப் பாருங்கள் என்றாள். “மொதல்ல வெறும் முதுகுல, துணி இல்லாம, வாரு கட்டாம வெச்சுப் பாருங்க. கட்டிட்டா எல்லாமே பொருந்துற மாதிரிதான் தெரியும்” என்றாள்.

எது என்று முடிவுசெய்ய என் நீல நிறத் தையல் சாக்குக்கட்டிதான் உதவியது. நான்கைந்தை இடித்துப் பொடியாக்கி அவள் முதுகு முழுக்கப் பூசினேன். மேலே ஒரு வெள்ளை மல் துணி, அதற்கு மேல் கறுப்புச் சேணம். இவர் ஏறி, களத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார். துணியை விரித்தால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு இடத்தில் மட்டும் அடர் நீலம். நடுவே வெள்ளை வெளேர். கட்டில் நான்கு காலில் நிற்பதுபோல அவ்வளவு பாரமும் நான்கு மூலையில் நின்றிருக்கிறது. அடுத்து அந்தக் கிழிசல். இதில் நீலம் முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு பட்டையாக ஒரே சீராக இறங்கியிருந்தது. நடுவில் முதுகெலும்பு நெடுக வெள்ளைக் கோடு. வலது தோளுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் படவில்லை.

“அழகா இல்லியே” என்றார் இவர்.

“நீங்களும்தான் இல்ல. நான் வெச்சுக் குடும்பம் நடத்தல?” என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த உள்ளங்கை அகலத்துக்காக ஒரு பஞ்சு விரிப்பு தைத்தேன். வலது தோள் சரிந்த இடத்தில் மட்டும் உள்ளே கம்பளித் துண்டு, ஓரம் மெலிந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் முடியும்படி. ஒல்லியான தோளுக்கு ஜாக்கெட்டில் இப்படித்தான் உள்ளே கொடுத்துத் தைப்போம், வெளியே யாருக்கும் தெரியாது. முதல் தடவை தடிமன் அதிகமாகி, சேணம் இடப்பக்கம் சாய்ந்தது. பிரித்தேன். இரண்டாவது தடவை இடம் தள்ளிவிட்டது. மறுபடியும் பிரித்தேன். என் கடையில் ஜாக்கெட்டுக்காக வந்து நின்றவர்கள், குதிரைக்கு அடுத்துதான் நாங்களா என்று முணுமுணுத்தார்கள். ஆமாம் என்றேன்.

மூன்றாவது விரிப்போடு இவர் வாய்க்கால் கரையில் அவளை நடத்திக்கொண்டு போனார். தண்ணீர் கரை தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நடந்தேன். போகும்போதே அவள் தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டினாள். அப்படி நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து சேணத்தை இறக்கினபோது முதுகில் வியர்வை இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் படிந்திருந்தது. உலர்ந்த திட்டு எங்கேயும் இல்லை. பள்ளிக்காரப் பெண்ணுக்குப் போன் பண்ணி, கிழிசலையே வைத்துக்கொள்கிறோம் என்றோம். தஞ்சாவூரில் பைக் சீட் தைக்கிறவர் ஒருவர் அந்த மடிப்பைச் சரிசெய்து கொடுத்தார். என்னதான் ஆனாலும் கல்யாணக் குதிரை. சிவப்பு வெல்வெட்டை நான் பிரித்து இதன் மேல் மெல்லிய உறையாகப் போட்டேன். வெல்வெட்டும் ஜரிகையும்தான் மிச்சம், உள்ளே இருந்த பொல்லாப்பு போய்விட்டது.

ஆவணி முதல் முகூர்த்தம். தாராசுரம் பக்கத்தில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் வைகாசியில் நடந்ததை இவர் முன்கூட்டியே சொல்லி, சேணம் மாற்றியதையும் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை முந்தின நாளே வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். கொக்கி, நூல் என்று எந்தச் சாக்கும் இல்லாமல் நானும் கூடப் போனேன். தரகரும் வந்திருந்தார், தன் குட்டியானை வண்டியோடு. மண்டபத்து வேப்ப மரத்தடியில் பின்கதவைத் திறந்து, வைக்கோல் பரப்பித் தயாராக நிறுத்தியிருந்தார். “என்னண்ணே, சாப்ட்டுட்டு ஏத்திரலாமா?” என்று சிரித்தார். இவர் குனிந்து வயிற்று வாரை இன்னொரு தடவை சரிபார்த்தார்.

ஊர்வலம் கிளம்பியது. வெடிக்கு நான் பயப்படவில்லை. என் கண் எல்லாம் மாப்பிள்ளையின் முதுகில். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மாப்பிள்ளையின் தங்கை ஓடிவந்து, அண்ணா, தலைப்பாகை சரியுது என்று கையைத் தூக்கினாள். மாப்பிள்ளை குனிந்தார். நன்றாக, குதிரையின் கழுத்து வரைக்கும் குனிந்தார். தங்கை நிதானமாகத் தலைப்பாகையைக் கழற்றி, உதறி, மறுபடியும் கட்டினாள். அவ்வளவு நேரமும் அவ்வளவு பாரமும் முன்னால்தான் இருந்தது.

குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பிப் பார்த்தது. பிறகு தங்கையின் கையில் இருந்த பூச்சரத்தைத் தின்ன எட்டியது.

இவர் என்னைத் தேடினார். கூட்டத்துக்கு மேலே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். தெருவில் நின்று அழுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. தரகர் இரண்டாம் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை முன்சீட்டில் வைத்துக்கொண்டு, வைக்கோலோடு காலி வண்டியை ஓட்டிப் போனார்.

சேணத்தை இறக்கித் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பழுப்புத் திட்டையும் இரண்டு வெள்ளைப் புள்ளியையும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “என்ன ராசியான புள்ளிங்க!” என்று விரலை நீட்டினார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாடகைக்கு நல்லதுதான். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. “ராசி இல்லம்மா. சேணம் சரியில்லாம அழுத்தி அழுத்தி வந்த தழும்பு. யாரும் பாக்கல. நாங்களும் பாக்கல” என்றேன்.

நீட்டின விரலை அந்த அம்மா சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை விரித்து, பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோல அந்தப் புள்ளியின் மேல் மெதுவாக வைத்தார்.

“இப்ப வலிக்குதா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம்.

அவள் வாளியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோல் நடுங்கவில்லை. தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இல்லம்மா” என்றார் என் கணவர்.